செக்சம் பொருந்தவில்லை, டேப் படிக்கவில்லை: ஆவணச் சேமிப்பில் அறிகுறி பார்த்துப் பழுது நீக்குதல்

ஐம்பது, நூறு டெராபைட் அளவுக்கு ஸ்கேன் செய்த பக்கங்கள், ஒலிப்பதிவுகள், வீடியோக்கள் என்று சேர்த்து வைத்துப் பாதுகாப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சேமிப்பு இந்த அளவுக்கு வளர்ந்துவிட்டால் ஏதாவது ஒரு மூலையில் ஏதாவது ஒரு கோளாறு இருந்துகொண்டேதான் இருக்கும். கோளாறால் தொலைந்த கோப்புகளைவிட, அதைச் சரிசெய்கிறேன் என்று பதறிப்போய் எதையோ செய்ததால் தொலைந்த கோப்புகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கெட்டுப்போன மூலத்தை நல்ல பிரதியின் மேலேயே எழுதிவிடுவார்கள். ஐந்தாவது டிஸ்க்குக்குப் பதில் ஆறாவதைப் பிடுங்கிவிடுவார்கள்.

அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எழுதுவதை நிறுத்துங்கள். இரவில் தானாக ஓடும் சிங்க் வேலையை (மூலத்தைப் போலவே பிரதியையும் மாற்றும் வேலை) நிறுத்தி வையுங்கள். கோளாறு தெரிந்த வால்யூமை, அதாவது சேமிப்புப் பகுதியை, 'படிக்க மட்டும்' என்று மாற்றுங்கள். கணினி தன் செயல்களைக் குறித்து வைக்கும் லாக் கோப்புகளை வேறொரு கணினிக்கு நகலெடுங்கள். கெட்டதாகத் தோன்றும் கோப்பை அழிக்காதீர்கள். காரணத்துக்கான தடயம் அதற்குள்தான் இருக்கிறது. அப்புறம் கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

செக்சம் பொருந்தவில்லை

செக்சம் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் ஒரு கைரேகை; உள்ளே ஒரு பிட் மாறினாலும் அது மாறிவிடும். அவற்றை எழுதி வைத்ததுதான் பட்டியல். பொருந்தாதவை எத்தனை கோப்புகள் என்று முதலில் பாருங்கள். பாதிக் காரணம் அந்த எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும்.

பட்டியலில் இருக்கும் அத்தனை கோப்பும் பொருந்தவில்லை என்றால், கோப்புகள் கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பட்டியல் ஒரு முறையில் எடுத்தது, சரிபார்ப்பது இன்னொரு முறையில் என்று இருக்கும். எந்த முறை என்பதைச் செக்சத்தின் நீளமே சொல்லும், எண்ணுங்கள்: எம்டி5 என்றால் 32 எழுத்து, எஸ்ஹெச்ஏ-1 என்றால் 40, எஸ்ஹெச்ஏ-256 என்றால் 64.

எக்ஸ்எம்எல், சிஎஸ்வி போன்ற உரைக் கோப்புகள் மட்டும் பொருந்தாமல், படங்கள் எல்லாம் சரியாக இருந்தால் வரிமுடிவைச் சந்தேகியுங்கள். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு பைட் வைக்கும், லினக்ஸ் ஒன்றுதான் வைக்கும். நடுவில் எந்த மென்பொருளோ 'உதவி' செய்து மாற்றியிருக்கும். இரண்டு பிரதிகளின் அளவு வித்தியாசத்தை வரிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். ஆயிரத்து இருநூறு வரி, ஆயிரத்து இருநூறு பைட் வித்தியாசம் என்றால் விஷயம் முடிந்தது. வித்தியாசம் சரியாக 3 பைட் என்றால், கோப்பின் தலையில் யூடிஎஃப்-8 அடையாளக் குறியை யாரோ சேர்த்திருக்கிறார்கள் அல்லது நீக்கியிருக்கிறார்கள்.

இன்னொன்று, செக்சம் பொருந்தினாலும் கவனிக்க வேண்டியது. பட்டியலில் ஒரே செக்சம் பல கோப்புகளுக்குத் திரும்பத் திரும்ப வருகிறதா? எஸ்ஹெச்ஏ-256 பட்டியலில் 'ஈ3பி0சி44298' என்று தொடங்கும் வரிகள், எம்டி5 பட்டியலில் 'டி41டி8சிடி98' என்று தொடங்கும் வரிகள் இருந்தால், அவை வெற்றுக் கோப்புகளின் செக்சம். பூஜ்யம் பைட் கோப்பை யாரோ நகலெடுத்து, அதற்கும் முறையாகச் செக்சம் போட்டு, "சரிபார்த்தாயிற்று" என்று முத்திரையும் குத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு சோதனையிலும் அது தேறிக்கொண்டே இருக்கும்.

இனி, லட்சம் கோப்புகளில் ஒன்றோ இரண்டோ மட்டும் பொருந்தவில்லை என்ற நிலை. உண்மையான சிதைவு பெரும்பாலும் இப்படித்தான் வரும். பைட் பைட்டாக ஒப்பிடும் கருவியில் கெட்ட பிரதியையும் நல்ல பிரதியையும் போட்டு, எந்த இடத்தில் என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள்.

- 512 அல்லது 4096 பைட் நீளத்துக்கு, அதன் மடங்கில் தொடங்கும் ஒரு துண்டு முழுவதும் மாறியிருந்தால் டிஸ்க்கோ அதை இயக்கும் கன்ட்ரோலரோ காரணமாக இருக்கலாம்.
- கோப்பின் பின்பகுதி முழுக்க பூஜ்யங்களாக இருந்தால் நகலெடுக்கும்போது மின்சாரமோ நெட்வொர்க்கோ போயிருக்கிறது. அளவு சரியாக இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது.
- ஒரே ஒரு பைட் மட்டும் மாறியிருந்தால் கணினியின் தற்காலிக நினைவகமான ரேமைப் பாருங்கள்.

கடைசியாகச் சொன்னதை நான் நேரில் பட்டு அறிந்தேன். ஒரு சர்வர் வழியாக நகலெடுத்த கோப்புகளில் மூன்று பொருந்தவில்லை. டிஸ்க்கை மாற்றினோம், கேபிளை மாற்றினோம், பயனில்லை. மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பைட்தான் மாறியிருந்தது. முதல் கோப்பில் 65 இருக்க வேண்டிய இடத்தில் 97. இரண்டாவதில் 130-க்குப் பதில் 162. மூன்றாவதிலும் அதே வித்தியாசம்: 32. ஒவ்வொரு முறையும் அதே ஒரு பிட் தவறாக ஏறியிருக்கிறது. ரேம் சோதனையை ஓர் இரவு முழுக்க ஓடவிட்டோம். விடியும்போது அதே பிட்டில் பிழை காட்டியது. பிழை திருத்தும் இசிசி ரேம் இல்லாத கணினி வழியாகக் காப்பகக் கோப்புகளை நகர்த்துவதை அன்றோடு விட்டேன். செர்ன் அணுத்துகள் ஆய்வுக்கூடம் 2007-ல் தன் சர்வர்களைச் சோதித்தபோதும், எந்த எச்சரிக்கையும் தராமல் நடந்த இப்படிப்பட்ட சிதைவுகளைக் கண்டது. டிஸ்க் பிழை காட்டவில்லை என்பதால் தரவு சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

சரி, எந்தப் பிரதி நல்லது என்று எப்படித் தீர்மானிப்பது? பட்டியல் எந்த நாளில் எடுத்தது என்று பாருங்கள். கோப்பு பிறந்த அன்றே எடுத்த பட்டியல் என்றால் அதோடு பொருந்தும் பிரதிதான் நல்லது. பிற்பாடு எடுத்த பட்டியல் என்றால், அது சிதைவுக்கே சான்றிதழ் கொடுத்திருக்கலாம். அப்போது மூன்றாவது பிரதி தேவை. எம்டி5 முறை 2004-லேயே உடைக்கப்பட்டது (வெவ்வேறு உள்ளடக்கத்துக்கு ஒரே செக்சம் வரவைத்துக் காட்டினார்கள்), எஸ்ஹெச்ஏ-1 முறைக்கு 2017-ல் அதே கதி. அதைக் கேள்விப்பட்டு, பழைய எம்டி5 பட்டியல்களைத் தூக்கிப் போட்டுவிட்டு எஸ்ஹெச்ஏ-256-ல் புதிதாக எடுப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வேண்டுமென்றே ஏமாற்றுபவரைப் பிடிக்க எம்டி5 போதாது; தற்செயலாக மாறிய பிட்டைப் பிடிக்க அது இன்றும் போதும். அந்தப் பழைய நாளுக்கு இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பட்டியல்தான். புதியதை அதன் பக்கத்தில் வையுங்கள்.

கோப்புகளையும் அவற்றின் செக்சம் பட்டியலையும் ஒன்றாக வைக்கும் பேக்இட் முறையில் கட்டிய தொகுப்புகள் என்றால் ஒரு குறுக்குவழி உண்டு. 2018-ல் ஆர்எஃப்சி 8493 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியான அந்த முறையில், தகவல் கோப்பில் 'பேலோட்-ஆக்ஸம்' என்ற வரி இருக்கலாம். மொத்த பைட்டுகள், ஒரு புள்ளி, கோப்புகளின் எண்ணிக்கை, அவ்வளவுதான் அதில் இருக்கும். நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் 18 டெராபைட்டை முழுதாகப் படிக்க 25 மணி நேரம் ஆகும். ஒரு கோப்பு விடுபட்டிருந்தால் அந்த வரி சில நிமிடங்களில் காட்டிக்கொடுத்துவிடும்.

படம் திறக்கிறது, ஆனால் கீழ்ப்பாதி நிறம் மாறியிருக்கிறது

ஜேபெக் படத்தில் நடுவே ஒரு பிட் மாறினாலும் அதற்குப் பின்னால் வரும் பகுதி முழுதும் பாதிக்கப்படலாம். ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டத்தை நம்பியே சுருக்கப்பட்டிருப்பதுதான் காரணம். கீழ்ப்பாதி ஒரே சாம்பல் நிறமாக இருந்தால் பெரும்பாலும் கோப்பு பாதியிலேயே அறுந்திருக்கிறது. சுருக்காத டிஃப் வகைப் படக் கோப்பில் அதே ஒரு பிட் மாறினால் ஒரு புள்ளி மட்டும்தான் பிசகும், கண்ணுக்கே தெரியாது. இடம் அதிகம் பிடித்தாலும் மூலப் பிரதியை டிஃப்-ஆக வையுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். படம் திறந்தது என்பதை வைத்து நல்ல கோப்பு என்று முடிவு கட்டாதீர்கள்.

கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, மென்பொருள் "காணவில்லை" என்கிறது

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் இதை அவசியம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 'கோப்பு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அதில் வரும் 'கோ'வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். அல்லது ஏகாரக் குறியையும் துணைக்காலையும் இரண்டு குறியீடுகளாக அடுத்தடுத்து வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யூடிஎஃப்-8-ல் முதலாவது 18 பைட், இரண்டாவது 21 பைட். லினக்ஸுக்கு இவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். ஒகரம், ஔகாரம் வரும் பெயர்களுக்கும் இதே சிக்கல்தான்.

மேக் கணினிகளின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்த வடிவத்தில்தான் சேமிக்கும். ஒருவர் மேக்கில் டிஸ்க்கைத் தயார் செய்து அனுப்ப, பட்டியலை இன்னொருவர் விண்டோஸில் தட்டச்சு செய்திருந்தால், ஓகாரம் வந்த பெயர்கள் மட்டும் பொறுக்கி எடுத்ததுபோல் 'காணவில்லை' பட்டியலில் நிற்கும். கோப்பு தொலைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி நகலெடுத்தால், ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் உட்கார்ந்திருக்கும்.

உடனே பெயர் மாற்றக் கிளம்பாதீர்கள். அந்தப் பெயர்கள் அட்டவணையிலும் செக்சம் பட்டியலிலும் மற்றப் பிரதிகளிலும் இருக்கின்றன. ஒப்பிடும்போது இரண்டு பக்கத்துப் பெயர்களையும் என்எஃப்சி என்ற சேர்த்த வடிவத்துக்கு மாற்றி ஒப்பிடுங்கள். பெரும்பாலான 'காணாமல் போனவை' திரும்பக் கிடைத்துவிடும். பெயரையே மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் ஒரு பட்டியலில் எழுதி வைத்து எல்லாப் பிரதிகளிலும் ஒரே நாளில் மாற்றுங்கள்.

இதற்குப் பக்கத்து வீட்டுச் சிக்கல் ஒன்று உண்டு: "பெயர் மிக நீளம்" என்ற பிழை. லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் 85 குறியீடுகளோடு முடிந்துவிடும். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாக எண்ணினால் ஐம்பது சொச்சம்தான் வரும். விண்டோஸில் 255 என்பது எழுத்துக் குறியீடுகளின் கணக்கு. ஆகவே அங்கே சிக்கலில்லாமல் இருந்த நீளமான தலைப்புகள் இங்கே வந்ததும் மறுக்கப்படும். சில நகல் கருவிகள் அந்தக் கோப்பை விட்டுவிட்டு மேலே போய்விடும். லாகின் நடுவே ஒரு வரி மட்டும் கிடக்கும். பெயரில் எண்ணை வையுங்கள், தலைப்பை அட்டவணையில் வையுங்கள்.

டிஸ்க் பிழை காட்டுகிறது, அல்லது டிஸ்க் தொகுதியிலிருந்து கழன்றுவிட்டது

டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் ஸ்மார்ட் எண்களைப் பாருங்கள். நான்கு போதும். 5 என்பது மாற்றிடம் கொடுத்த செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு துண்டுகள்). 197 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை. 198 திருத்தவே முடியாதவை. இந்த மூன்றில் ஏதாவது ஒன்று வாராவாரம் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றுங்கள், பேச்சே வேண்டாம். ஆனால் 199 மட்டும் ஏறுகிறது, மற்றவை அப்படியே இருக்கின்றன என்றால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். அது கேபிள் வழியில் வரும் பிழை. கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், அல்லது புதிதாக மாற்றுங்கள். பழைய எண்ணிக்கை அழியாது. மேலும் ஏறாமல் நின்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

இசட்எஃப்எஸ் போன்ற, தானே செக்சம் வைத்திருக்கும் கோப்பு முறை என்றால், எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் முடிந்ததும் பிழைகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பாருங்கள். ஒரு டிஸ்க்கில் மட்டும் என்றால் அந்த டிஸ்க். ஒரே கார்டில், ஒரே தட்டில் இருக்கும் நான்கு டிஸ்க்குகளில் என்றால் அந்தக் கார்டு அல்லது தட்டு. எல்லாவற்றிலும் சிறிது சிறிதாக என்றால் ரேம், அல்லது மின்வழங்கி. நான்கு டிஸ்க்குகள் ஒரே வாரத்தில் ஒன்றாகச் சாவது அபூர்வம். அவற்றைத் தாங்கும் ஒரு பாகம் பழுதாவதுதான் சகஜம்.

மாற்றும் முன் பழுதான டிஸ்க்கின் வரிசை எண்ணைத் தாளில் எழுதி, பெட்டியில் இருக்கும் லேபிளோடு ஒப்பிட்டுவிட்டுப் பிடுங்குங்கள். மென்பொருள் சொல்லும் 'ஐந்தாவது' பெட்டியின் ஐந்தாவது பள்ளமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மறுகட்டமைப்பை, அதாவது போன டிஸ்க்கின் தரவை மற்ற டிஸ்க்குகளிலிருந்து புதியதில் கட்டுவதை, தொடங்கும் முன் மற்றப் பிரதி சமீபத்தியதுதானா என்று உறுதி செய்யுங்கள். அந்த ஒன்றிரண்டு நாள் முழுக்க, அதே வயதுடைய மற்ற டிஸ்க்குகள் எல்லாம் ஒரு மூலை விடாமல் படிக்கப்படும். ஒளிந்திருந்த கெட்ட செக்டர்கள் வெளியே வருவது அப்போதுதான். ஒரு டிஸ்க் இழப்பை மட்டும் தாங்கும் ரெய்டு5 என்ற டிஸ்க் தொகுப்பு முறை இந்த அளவுக்குப் பெரிய டிஸ்க்குகளுக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மறுகட்டமைப்பு நாள் கணக்கில் இழுத்துக்கொண்டே போனால் புதிய டிஸ்க் எஸ்எம்ஆர் வகையா என்று பாருங்கள். ஓடு வேய்ந்ததுபோல் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் அந்த வகை, இடைவிடாமல் எழுதும் வேலைக்கு ஏற்றதல்ல.

இடம் இருக்கிறது, ஆனால் "இடம் இல்லை" என்கிறது

எக்ஸ்ட்4 முறையில் ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு இடம்) எண்ணிக்கை ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடும். சிறு சிறு துண்டுப் படங்கள், பக்கத்துக்கு ஒரு எக்ஸ்எம்எல் என்று கோடிக்கணக்கில் கோப்புகள் இருந்தால், இடம் தீருவதற்கு முன் ஐநோடு தீர்ந்துவிடும். சிறு கோப்புகளைத் தொகுப்புவாரியாக ஒரே டார் கோப்பாகக் கட்டுங்கள். அழித்த பிறகும் இடம் திரும்பவில்லை என்றால் பழைய ஸ்னாப்ஷாட்கள் (ஒரு நேரத்து நிலையை உறையவைத்த பிரதிகள்) பிடித்து வைத்திருக்கும். 18 டெராபைட் என்று வாங்கிய டிஸ்க் 16.37 என்று காட்டினால் அது கோளாறே இல்லை. தயாரிப்பாளர் பத்தின் அடுக்கில் எண்ணுகிறார், கணினி இரண்டின் அடுக்கில் எண்ணுகிறது.

டேப் முன்னும் பின்னும் இழுக்கிறது, அல்லது படிக்கவே மாட்டேன் என்கிறது

காப்பகங்கள் பயன்படுத்தும் காந்த நாடாவான எல்டிஓ டேப்பைப் பொறுத்தவரை பெரும்பாலான புகார்கள் டேப்பின் குற்றமே அல்ல.

எழுதும்போது ஓடுவது, நிற்பது, பின்னால் போவது, மறுபடி ஓடுவது என்று சத்தம் மாறி மாறிக் கேட்டால், தரவு போதிய வேகத்தில் வரவில்லை. எட்டாம் தலைமுறையான எல்டிஓ-8 டிரைவ் நொடிக்கு 360 மெகாபைட் வரை எழுதும். வேகத்தை ஓரளவு குறைத்துக்கொண்டு பொறுத்துப்போகும். அதற்கும் கீழே போனால் நிறுத்தி, பின்னால் சுருட்டி, மறுபடி தொடங்க வேண்டும். டேப்பும் தேயும், ஹெட்டும் தேயும். மூல டிஸ்க்கிலிருந்து லட்சக்கணக்கான சிறு கோப்புகளை நேரடியாக ஊட்டுவதுதான் வழக்கமான காரணம். முதலில் வேகமான ஓர் இடைநிலை டிஸ்க்கில் பெரிய டார் கோப்புகளாகக் கட்டி, அங்கிருந்து எழுதுங்கள்.

புது எல்டிஓ-9 டேப்பை முதல் முறை போட்டதும் அரை மணி, ஒரு மணி நேரம் எதற்கும் பதில் சொல்லவில்லை என்றால் பொறுத்திருங்கள். அந்தத் தலைமுறையில் முதல் ஏற்றத்தின்போது டேப் தன்னைச் சரிசெய்துகொள்ளும்; 2 மணி நேரம் வரைகூட ஆகலாம். டிரைவ் செத்துவிட்டது என்று நினைத்து நடுவில் மின்சாரத்தை நிறுத்தாதீர்கள்.

எல்டிஓ-9 உறையில் 45 டெராபைட் என்று போட்டிருக்க, 18-லேயே நிரம்பிவிட்டதா? 45 என்பது தரவு இரண்டரை மடங்கு சுருங்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு. ஜேபெக்கும் வீடியோவும் ஏற்கெனவே சுருங்கியவை. டேப் அவற்றை மேலும் சுருக்காது. திட்டமிடும்போது 18 என்றே வையுங்கள்.

பழைய டேப்பை டிரைவ் ஏற்கவே மறுத்தால் தலைமுறை எண்ணைப் பாருங்கள். எல்டிஓ-7 வரை ஒரு டிரைவ் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறைகளைப் படித்தது. எல்டிஓ-8 அதை ஒன்றாகக் குறைத்துவிட்டது. எல்டிஓ-6 டேப்பை எல்டிஓ-8 டிரைவ் படிக்காது. டேப் நல்ல நிலையில்தான் இருக்கும். படிக்க ஆள்தான் இல்லை. பழைய டிரைவை விற்கும் முன் அந்தத் தலைமுறை டேப்புகள் எல்லாம் நகர்ந்துவிட்டனவா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

இவை எதுவும் இல்லாமல் படிப்புப் பிழை வந்தால்: குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்த டேப்பை ஒரு நாள் டிரைவ் இருக்கும் அறையில் வைத்துவிட்டுப் போடுங்கள், டிரைவ் கேட்டிருந்தால் சுத்தம் செய்யும் டேப்பை ஒருமுறை ஓட்டுங்கள், அப்புறம் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். இரண்டாவது டிரைவ் படித்துவிட்டால் பழுது முதல் டிரைவில். அந்த டிரைவ் அண்மையில் எழுதிய மற்ற டேப்புகளையும் அன்றே சோதியுங்கள்.

கிளவுடில் ஏற்றிய கோப்பின் செக்சம் வேறாக இருக்கிறது

எஸ்3 வகை கிளவுட் சேமிப்பில் 'ஈடேக்' என்று காட்டும் மதிப்பின் கடைசியில் ஒரு கோடும் எண்ணும், உதாரணமாக '-37' என்று, இருக்கிறதா? அப்படியென்றால் கோப்பு 37 துண்டுகளாக ஏறியிருக்கிறது. அது முழுக் கோப்பின் எம்டி5 அல்ல. துண்டுகளின் எம்டி5-களைச் சேர்த்து எடுத்த எம்டி5. உங்கள் பட்டியலோடு அது ஒருபோதும் பொருந்தாது. ஏற்றும்போதே எஸ்ஹெச்ஏ-256-ஐக் கோப்பின் கூடுதல் தகவலாக இணைத்து அனுப்புங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கொஞ்சத்தையாவது இறக்கிச் சரிபாருங்கள். பட்டியலில் தெரியும் கோப்புகளின் மொத்த அளவைவிடக் கட்டணம் அதிகமாக வந்தால், பாதியில் நின்றுபோன துண்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் இடம் பிடித்திருக்கும். குறிப்பிட்ட நாளுக்குப் பின் அவற்றைத் தானாக அழிக்கும் விதியைப் போட்டுவிடுங்கள்.

அலமாரியில் வைத்திருந்த எஸ்எஸ்டி படிக்கவில்லை

எஸ்எஸ்டி தரவை மின்னூட்டமாகப் பிடித்து வைக்கிறது. அது மெல்லக் கசியும். தேய்ந்த வீட்டு உபயோக எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தாங்க வேண்டும் என்பதுதான் ஜெடெக் என்ற மின்னணுத் தர அமைப்பின் நிர்ணயம் கேட்பது. புதியது அதிகம் தாங்கும். ஆனாலும் அலமாரிப் பிரதிக்கு எஸ்எஸ்டியை நான் ஒப்பவே மாட்டேன். டேப் அல்லது ஹார்ட் டிஸ்க் வையுங்கள்.

பேக்கப் தினமும் "வெற்றி" என்கிறது, மீட்டால் ஒன்றும் இல்லை

எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துத் தரும் கிட்லேப் நிறுவனத்தில் தவறுதலாகத் தரவுத்தளம் அழிக்கப்பட்டபோது, கைவசம் பல பேக்கப் முறைகள் இருந்தன. மென்பொருளின் பதிப்பு பொருந்தாததால் தினசரிப் பேக்கப் ஓடவே இல்லை. அதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஒருவர் எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. கிட்டத்தட்ட 6 மணி நேரத் தரவு போனது. என்ன நடந்தது என்று அந்த நிறுவனமே ஒளிவுமறைவின்றி எழுதியது பெரிய விஷயம்.

உங்கள் பக்கம் பார்க்க வேண்டியவை இவை. பேக்கப்பின் அளவு மாதாமாதம் வளர்கிறதா? காப்பகம் வளர்ந்தும் பேக்கப் அப்படியே நின்றால் எங்கோ அறுந்திருக்கிறது. நகலெடுக்கும் கருவியான ஆர்சிங்க் பயன்படுத்தினால், அது வழக்கமாகக் கோப்பின் அளவையும் தேதியையும் மட்டுமே ஒப்பிடும் என்பதை நினைவில் வையுங்கள். உள்ளே பிட் மாறியிருந்தால் அதற்குத் தெரியாது. மூலத்தில் அழிந்ததைப் பிரதியிலும் அழிக்கும் தேர்வை இயக்கியிருந்தால், ஒருவர் தவறுதலாக அழித்த கோப்புறை அன்றிரவே எல்லா இடத்திலும் அழிந்துவிடும். ஒரு பிரதியாவது எந்தக் கணினியோடும் இணையாமல் இருக்க வேண்டும். 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்கள் சிலரின் அஞ்சல்கள் பல பிரதிகளிலும் மறைந்தபோது, கூகுள் அவற்றை டேப்பிலிருந்துதான் மீட்டது.

மீட்புச் சோதனையை நான் இப்படிச் செய்வேன். மாதத்தில் ஒரு நாள், அட்டவணையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு இருபது கோப்புகளைத் தேர்ந்தெடுப்பேன். பேக்கப் எடுத்த ஆள் அல்லாத வேறொருவர், எழுதி வைத்த குறிப்பை மட்டும் பார்த்து, காலியான ஒரு கணினியில் அவற்றை மீட்க வேண்டும். மறையாக்கம் செய்த பேக்கப் என்றால் கடவுச்சொல்லையும் அவரே தேடி எடுக்க வேண்டும். பழைய செக்சம் பட்டியலோடு ஒப்பிட வேண்டும், ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் எங்கே தடுக்கினார் என்பதையும் அதே குறிப்பின் அடியில் தேதியோடு எழுதிவிடுவோம்; அடுத்த மாதம் வருபவர் அங்கிருந்து தொடங்குவார்.